கூடாரம் போட்ட இடம்

எங்கள் கூடாரத்தை வாப்பா முதன்முதலில் போட்டுப் பார்த்தது, அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹாலில். சோபாவைச் சுவரோடு தள்ளி, டீப்பாயைப் பால்கனிக்குக் கடத்தி, கூடவே வந்த தாளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முக்கால் மணி நேரம் போராடி அதை நிற்க வைத்தார். அது நின்றதும் ஹால் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் கூடாரத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வேண்டும். உம்மா அன்று சாயங்காலம் தேநீர் போடுவதற்கு அப்படித்தான் போனாள். குனிந்து நுழைந்தாள், குனிந்து வெளியேறினாள். நான் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. துபாயிலேயே பாக்கியசாலி வீடு எங்கள் வீடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பாலைவனத்துக்கோ ஏரிக்கரைக்கோ போய்க் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார்கள். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும். நானும் இரண்டு வருடமாக வாப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன். பர் துபாயில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பது முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கிறவர் அவர். விடுமுறை நாளில் காலை நீட்டிப் படுப்பதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் கூடாரப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். என் நச்சரிப்பு ஜெயித்துவிட்டது என்றே நம்பினேன். அந்த நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது.

அதற்கு ஐந்தாறு வாரம் முன்பு, உம்மா எனக்கொரு தங்கச்சியைப் பெற்றுக்கொண்டு வர ஆஸ்பத்திரிக்குப் போனாள். போனவள் தனியாகத் திரும்பி வந்தாள். “தங்கச்சி அல்லாஹ்கிட்ட போயிட்டாம்மா” என்று வாப்பா லிப்டுக்குள் வைத்துச் சொன்னார். மூன்றாம் மாடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மையவாடிக்குப் போய் அடக்கிவிட்டு வந்தார். சொந்தபந்தம் எல்லாம் கீழக்கரையில். இங்கே பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி மூன்று நாள் சோறு கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு படுக்கையறையின் திரை விலகவே இல்லை. அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், துக்கத்தைவிட எனக்கு ஏமாற்றம்தான் அதிகம். அவளுக்கு நான் ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

பேறுகாலத்து நாற்பது நாள் கழிந்து உம்மா தலைமுழுகிய வாரத்தில்தான் கூடாரம் வந்தது.

வாப்பா எதையும் முறைப்படி செய்கிறவர். நல்ல இடம் எது என்று கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறார். புடவை பார்க்க வந்தவர்கள் கூடாரத்தைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டுப் போனார்கள். அல் குத்ரா ஏரிதான் குடும்பத்துக்கு ஏற்றது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். மற்றதில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார் வாப்பா. தண்ணீருக்கு ரொம்பக் கிட்ட வேண்டாம், கொசு. ரொம்பத் தள்ளியும் வேண்டாம், அப்புறம் ஏரி எதற்கு? தரை மட்டமாக இருக்க வேண்டும். வாசல் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். மரம் இருந்தால் நல்லது, எறும்புப் புற்று இருக்கிறதா பார். கார் போகிற பாதையிலிருந்து இறங்காதே. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் கிளம்பினோம். சாம்பல் நிற அபாயாவைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள் உம்மா. பின் சீட்டில் கூடாரம், இடியப்பப் பாத்திரம், கறிச் சட்டி, பாய், தலையணை, இவற்றுக்கு நடுவில் நான். கட்டடங்கள் தீர்ந்து, வேலிகள் தீர்ந்து, இருபுறமும் மணல் மட்டும் என்று ஆன பிறகு சட்டென்று நீலமாக ஏரி வந்தது. மனிதர்கள் வெட்டித் தண்ணீர் விட்ட ஏரிதான். ஆனால் வாத்துகளுக்கு அது தெரியாது, அவை பரம்பரைச் சொத்துபோல மிதந்துகொண்டிருந்தன.

முதல் இடம் எனக்குப் பிடித்திருந்தது. வாப்பா காரை நிறுத்தி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, சுற்றிலும் பார்த்தார். இரண்டு குடும்பங்கள் கறி சுட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வண்டி நின்றது. “புகை கண்ணைக் கரிக்கும்” என்று சொல்லி வாப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டாவது இடத்தில் அன்னங்கள்கூட இருந்தன. ஒரு பிலிப்பினோப் பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவற்றுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். “தண்ணிக்கு ரொம்பக் கிட்ட, கொசு கொன்னுரும்” என்றார். மூன்றாவது இடத்தைப் பார்த்ததும் நான் கத்தியேவிட்டேன். மேடான மட்டத் தரை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காஃப் மரம் ஒன்று, நம் ஊர் வன்னிதான் அது, குடை விரித்ததுபோல நின்றது. வாப்பாவின் தாளை யாரோ படித்துப் பார்த்துச் செய்துவைத்த இடம். மரத்தடியில் ஒரே ஒரு குடும்பம்தான், பழைய ஃபோர்-வீல் வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பளம் விரித்திருந்தார்கள். கிளைக்கும் வண்டிக்குமாக ஒரு துணித் தூளி கட்டியிருந்தது. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“எறும்பு இருக்கும்” என்றார் வாப்பா, இறங்கிக்கூடப் பார்க்காமல்.

அப்போதுதான் உம்மா வாய் திறந்தாள். “எதுக்கு இப்படி ஓடுறீங்க? எல்லா எடத்துலயும்தான் புள்ளைங்க இருக்கும். நிறுத்துங்க.”

வாப்பா வண்டியை எடுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் இருந்தால் விளையாட ஆள் கிடைக்குமே, அதற்கு ஏன் ஓட வேண்டும் என்று இருந்தது.

ஏரியைச் சுற்றிக்கொண்டு போகப் போக ஆட்கள் குறைந்தார்கள். பாதையும் குறைந்தது. கடைசியில் ஒருத்தரும் இல்லாத ஒரு வளைவுக்குப் போவதற்காக, தானே இரண்டு கோடு போட்டு வைத்திருந்ததை மறந்து, வாப்பா பாதையிலிருந்து இறங்கினார். இருபது அடி போயிருப்போம். கார் ஒரு பெருமூச்சு விட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தார், சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாகக் குழி பறித்தது. இறங்கி, கறிச் சட்டியின் மூடியை எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மண்டியிட்டு மணலைத் தள்ளத் தொடங்கினார். தள்ளிய இடத்துக்கே மணல் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த உம்மா என்னிடம் சொன்னாள். “நீ போயி அந்த மரத்தடியில இருக்கவங்களக் கூட்டிட்டு வா. ஒனக்குத்தான் இந்தி தெரியுமே.”

“அவங்க வேணாம்” என்றார் வாப்பா, தலையை நிமிர்த்தாமல்.

“நீ போம்மா.”

ஏரியைச் சுற்றி வந்திருந்தாலும், குறுக்கே போனால் அந்த மரம் பக்கம்தான். நான் ஓடினேன். பள்ளிக்கூட இந்தியை முதல்முறையாக வெளியே எடுத்து, “அங்கிள், காடி ஃபஸ் கயா” என்றேன், வண்டி மாட்டிக்கொண்டது என்று. அங்கே இருந்தவர்கள் பாகிஸ்தானிகள், கணவனும் மனைவியும். அவர் ஷார்ஜாவில் கார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மா என் இந்தியைத் திருத்திவிட்டு எழுந்தார். நல்ல உயரம், காலில் ஆண்கள் போடுகிற கேன்வாஸ் ஷூ. என்னை வண்டியில் ஏற்றி, தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டு, தூளியை அவிழ்த்துவிட்டு, “யல்லா”, கிளம்பலாம் என்று சொல்லி, அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். கணவர் கயிற்றையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

எங்கள் கார் கிடந்த இடத்துக்கு வந்ததும் வேலை பங்கு பிரிந்தது. ஆண்கள் இருவரும் தோண்டித் தள்ள வேண்டும். அந்த அம்மா வண்டியால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது வண்டி குலுங்கும், குழந்தையை உள்ளே வைத்திருக்க முடியாதில்லையா? என் மடியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாகவே அதை உம்மாவிடம் நீட்டி, “பகடோ பாஜி” என்றார். பிடிங்க அக்கா என்று அர்த்தம்.

வாப்பா துள்ளி எழுந்தார். “நான் வாங்கிக்கிறேன், நான் வாங்கிக்கிறேன்” என்று மணல் அப்பிய இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் உம்மா வாங்கிவிட்டிருந்தாள்.

பெண் குழந்தை, இரண்டு மாதம் இருக்கும். உம்மா அதைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் கை அதன் தலைக்குக் கீழே போய் எப்படித் தாங்க வேண்டுமோ அப்படித் தாங்கியிருந்தது.

கயிறு ஒருமுறை அவிழ்ந்தது. ஒருமுறை அறுந்தது. டயரில் காற்றை இறக்க வேண்டும் என்றார் கணவர். அவர் நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை, பசி அழுகை. அந்த அம்மா வண்டியிலிருந்து குதித்து இறங்கிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நின்றார். உம்மாவின் அபாயாவில் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்து கறுத்திருந்தது. குழந்தை எச்சில் வடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

“பச்சா கஹான் ஹை?” என்று கேட்டார், மெதுவாக.

“குழந்தை எங்கன்னு கேக்குறாங்க உம்மா” என்று நான் மொழிபெயர்த்தேன்.

“இந்தா நிக்கிறியே, நீதான்னு சொல்லு.”

சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். சின்னக் குழந்தை எங்கே என்று மறுபடி கேட்டார். அதையும் சொன்னேன். உம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, இல்லை என்பதுபோல லேசாகக் கையை விரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

குழந்தை வீறிட்டுக்கொண்டே இருந்தது. நீட்டிய கைகளை அந்த அம்மா பின்னால் இழுத்துக்கொண்டு, கமீஸில் துடைத்துக்கொண்டார்.  பிறகு சொன்னார்: “பிலா தோ, பாஜி.”

“குடிக்கக் குடுக்கச் சொல்றாங்க உம்மா” என்று சொல்லிவிட்டு, புத்திசாலிப் பிள்ளையாகக் காருக்கு ஓடித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வந்தேன்.

உம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். நாலு பக்கமும் வெட்டவெளி. என் மொழிபெயர்ப்பைக் கேட்ட வாப்பா சட்டி மூடியைக் கீழே போட்டார். டிக்கியைத் திறந்து பெட்டியைப் பிரித்து அந்த இடத்திலேயே கூடாரத்தைப் போடத் தொடங்கினார். சரிவான தரை, காற்றுக்கு நேரே வாசல், மரமும் இல்லை, ஏரியும் தூரம். தாளில் எழுதியிருந்த ஒரு விதிகூட அதற்குப் பொருந்தாது. ஹாலில் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். ஒரு கம்பி வளைந்து, கூடாரம் ஒருக்களித்து நின்றது. உம்மா குழந்தையோடு உள்ளே போனாள். ஜிப்பை வாப்பா வெளியிலிருந்து இழுத்துவிட்டார்.

பாட்டிலோடு பின்னால் போன என்னைப் பிடித்து நிறுத்தி, “உள்ள போகாத ம்மா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் நச்சரித்து வாங்கியது என் கூடாரம். வெளியே போட்டதும் அதற்குள் முதலில் நுழைந்தது யாரோ ஒரு பாகிஸ்தானிக் குழந்தை!

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. உம்மாவுக்கு நல்ல கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா இஞ்சினை அணைத்துவிட்டு வந்து, கூடார வாசலுக்கு முதுகைக் கொடுத்து மணலில் உட்கார்ந்தார். கணவர் ஏரிப் பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தார். வாப்பா சட்டி மூடியை எடுத்து மணலைத் துடைத்தார். அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உம்மா வெளியே வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. தூங்குகிற குழந்தையை நீட்டினாள். அந்த அம்மா அதை வாங்கி ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு தோளில் கிடந்த துப்பட்டா நுனியால் உம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, என்னையும் அவர்கள் கூப்பிடவில்லை.

அப்புறம் கார் ஒரே இழுப்பில் வெளியே வந்தது. கணவர் எங்கள் கூடாரத்தைச் சுற்றி வந்து பார்த்து, இந்த ஏரியில் இதைவிட மோசமான இடம் கிடையாது பாய் என்று இந்தியில் சொன்னார். மற்ற நேரமாக இருந்தால் வாப்பா பில்லை எடுத்துக் காட்டியிருப்பார். அன்றைக்கு, “மாலும் ஹை, மாலும் ஹை” என்று மட்டும் சொன்னார். தெரியும், தெரியும்.

அன்று இரவு காஃப் மரத்தடியில் தூளிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் இடியப்பத்தை அவர்களும் அவர்கள் ரொட்டியை நாங்களும் சாப்பிட்டோம். எறும்பு ஒன்றுகூட இல்லை. நாற்பது நாளுக்குப் பிறகு உம்மா வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. வாப்பா கவனித்தார் என்பதைப் பிறகு அவரே சொல்லித்தான் அறிந்தேன்.

காலையில் விடைபெறும்போது அந்த அம்மா குழந்தையை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, “யே தேரி பெஹன் ஹை. யாத் ரக்னா” என்றார். இவ உன் தங்கச்சி, நினைவில் வைத்துக்கொள். எனக்குத் திக்கென்றது. யாருக்கும் சொல்லக் கூடாததை இந்த அம்மா சத்தமாகச் சொல்கிறாரே என்றிருந்தது. “எனக்குத் தங்கச்சி இல்ல” என்று இந்தியில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினார்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தியிடம் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை, அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. எத்தனை தடவை குடித்தால் அப்படி என்பதில் மட்டும் மத்ஹபுக்கு மத்ஹபு, அதாவது சட்டப் பிரிவுக்குப் பிரிவு, வேறுபடும். எனக்கு மகள் பிறந்து நாற்பது நாள் உம்மா என்னோடு இருந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னாள். பால் வற்றிப்போயிற்று என்று நினைத்திருந்தாளாம். கூடாரத்துக்குள் கொஞ்சம்தான் வந்ததாம், குழந்தை பெரிய மனதோடு அதைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாம். “பசியோட அழுவுற தன் புள்ளையை ஒருத்தி நம்மகிட்ட விட்டுட்டுப் போறதுன்னா சும்மாவா?” என்றாள். அந்த அம்மாவின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது, எண்ணும் வாங்கிக்கொள்ளவில்லை. ஷார்ஜாவிலோ லாகூரிலோ, இன்று காலேஜ் படிக்கிற வயதில் எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள். தொழுது முடித்துக் கையேந்தும்போது அவளுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் பின் சீட்டில் சுருண்டு கிடந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து முன்னால் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம மத்ஹபுல அஞ்சு தடவையாச்சும் ஆவணும்” என்றார் வாப்பா.

“அவங்க மத்ஹபுல ஒரு தடவை போதும். மதரசால நானும்தான் படிச்சிருக்கேன்” என்றாள் உம்மா.

ஐந்து என்று காதில் விழுந்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, “ஒரு தடவை பத்தாது, அஞ்சு வேளையும் கண்டிப்பாத் தொழணும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க” என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு உம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டு விட்டுச் சிரித்தாள். நான் ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டேன்போல என்று நினைத்து, அதையே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.